மொரோடர், டோனா சம்மர், ‘ஐ ஃபீல் லவ்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் தவறாமல் போட்டுக் காட்டும் பாட்டு ஒன்று உண்டு. வந்தது 1977இல். முதல் முறை கேட்பவர்கள் பெரும்பாலும் “இது எப்போ வந்தது, போன வருஷமா?” என்பார்கள். வருஷத்தைச் சொன்னதும் கேள்விகள் வரிசையாக வரும். பாட்டின் பெயர் ‘ஐ ஃபீல் லவ்’. பாடியவர் டோனா சம்மர். உருவாக்கியவர்கள் ஜார்ஜியோ மொரோடர், பீட் பெல்லாட். இத்தனை வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜார்ஜியோ மொரோடர் யார்?

வடக்கு இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஓர்ட்டிசெய் என்று ஒரு சிற்றூர். மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். அங்கே 1940 ஏப்ரல் 26 அன்று பிறந்தார். கிதாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்தவர், பெர்லினில் சில காலம் இருந்துவிட்டு, 1960களின் கடைசியில் ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்தில் தங்கினார். ‘லுக்கி லுக்கி’ என்று 1969இல் அவர் பாடிய பாட்டு ஐரோப்பாவில் ஓடியது. அவரும் பெல்லாட்டும் சேர்ந்து எழுதிய ‘சன் ஆஃப் மை ஃபாதர்’ பாட்டை சிக்கரி டிப் என்ற ஆங்கிலேயக் குழு பாட, 1972இல் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் மோக் என்ற சின்தசைசர் கருவியின் ஒலி அந்தப் பாட்டிலேயே தலைகாட்டிவிடும்.

ம்யூனிக்கில் அரபெல்லா ஹவுஸ் என்ற உயரமான கட்டடத்தின் அடித்தளத்தில் அவர் தொடங்கியது மியூசிக்லேண்ட் ஸ்டூடியோ. ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பலின், குயீன் என்று பெரிய ராக் குழுக்கள் எல்லாம் அங்கே வந்து பதிவு செய்தன. நாம் பேசப்போகிற பாட்டும் அங்கேதான் பிறந்தது.

ப்ரொட்யூசர் என்றால் பணம் போடுகிறவர்தானே?

நம் சினிமாவில் அப்படி. தயாரிப்பாளர் என்றதும் நமக்கு முதலாளிதான் கண்முன் வருவார். இசைத்தட்டு உலகில் இந்த வார்த்தைக்குப் பொருளே வேறு. எந்தப் பாட்டு, எந்த வேகம், யார் வாசிப்பது, பாடகி எந்தச் சுருதியில் பாடுவது, எது போதும், எது போதாது என்று முடிவெடுப்பவர்தான் ரெக்கார்டு ப்ரொட்யூசர். நம் இசையமைப்பாளர் செய்யும் வேலையில் பாதியும், திரைப்பட இயக்குநர் செய்யும் வேலையில் பாதியும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மொரோடர் மெட்டும் போடுவார். பெல்லாட் பெரும்பாலும் பாட்டு வரிகளைப் பார்த்துக்கொள்வார். இருவரும் சேர்ந்தே ப்ரொட்யூசர்கள். பேர் மட்டும் மொரோடருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெல்லாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அமெரிக்கப் பாடகி ம்யூனிக்குக்கு எப்படி வந்தார்?

டோனா சம்மர் பாஸ்டன் நகரத்துப் பெண். இயற்பெயர் லாடோனா ஏட்ரியன் கெய்ன்ஸ், பிறந்தது 1948 டிசம்பர் 31. தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல். ‘ஹேர்’ என்ற மேடை இசைநாடகத்தின் ஜெர்மன் வடிவத்தில் நடிக்க 1968இல் ம்யூனிக் வந்தவர், அங்கேயே தங்கி ஜெர்மன் மொழியும் கற்றுக்கொண்டார். ஹெல்முத் சொம்மர் என்ற ஆஸ்திரிய நடிகரை மணந்தார். ‘சொம்மர்’தான் பிறகு ‘சம்மர்’ ஆனது. ஸ்டூடியோக்களில் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மொரோடரும் பெல்லாட்டும் அவரைக் கண்டுகொண்டார்கள்.

17 நிமிடப் பாட்டு என்கிறார்களே, அது இதுதானா?

இல்லை, அது 1975இல் வந்த ‘லவ் டு லவ் யூ பேபி’. முதலில் மூன்று நிமிடச் சொச்சம்தான் இருந்தது. கேசபிளாங்கா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் தலைவர் நீல் போகார்ட் அதைத் தன் வீட்டு விருந்தில் போட்டார். வந்தவர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க வரும்படி நீட்டிக் கொடுங்கள் என்று அவர் மொரோடரிடம் கேட்டார். ஏறக்குறைய 17 நிமிடத்துக்கு நீண்டது பாட்டு. அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முனகல்கள் அதிகம் என்று பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்துவிட்டது.

வானொலிக்கு மூன்று நிமிடம் போதும். ஆடுகிறவனுக்குப் போதாது. உடம்பு சூடேறி, தாளத்துக்குள் இறங்கும்போது பாட்டு முடிந்துவிடும். பாட்டை நீட்டினால் தாளமே கதை ஆகிவிடும், பாடல் வரி அதன்மேல் வந்து போகும் விருந்தாளி ஆகிவிடும். இந்த உண்மை மொரோடருக்கு அந்த 17 நிமிடத்தில் பிடிபட்டது. ‘ஐ ஃபீல் லவ்’வுக்கு அதுதான் அடித்தளம்.

‘ஐ ஃபீல் லவ்’ எந்த ஆல்பத்தில் இருக்கிறது?

1977 மே மாதம் வந்த ‘ஐ ரிமெம்பர் எஸ்டர்டே’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆல்பமே காலத்தின் வழியே ஒரு நடை. முதல் பாட்டு 1940களின் பெரிய வாத்தியக் குழு ஒலியில் தொடங்கும். அடுத்து 1960களின் பெண்கள் குழுப் பாட்டு, மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாணி, 70களின் ஃபங்க் என்ற தாள இசை என்று நகர்ந்து வரும். இத்தனை காலத்தையும் தொட்டாயிற்று, எதிர்காலத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, வாத்தியமே இல்லாமல் சின்தசைசரிலேயே செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். முந்தைய பாட்டுகள் எல்லாம் நன்றாகவே இருக்கும். கடைசிப் பாட்டு தொடங்கியதும் அறையின் காற்றே மாறிப்போகும்.

அதை எப்படிப் பதிவு செய்தார்கள்?

இதைக் கேட்டால் என் பதில் நீளும்.

அலமாரி அலமாரியாக, முகப்பு முழுக்கக் குமிழ்களும் துளைகளுமாக, ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் செருகி ஒலி எழுப்பும் பழைய மோக் மாடுலர் சின்தசைசர் அது. மொரோடருடையது அல்ல. ம்யூனிக் இசையமைப்பாளர் எபர்ஹார்ட் ஷோனர் வைத்திருந்தது. அதைப் பழக்கத் தெரிந்தவர் ஷோனரின் உதவியாளர் ராபி வெடல். மிஷினோடு அவரும் வந்தார்.

மிஷினில் சில சுரங்களை வரிசையாக அமைத்துவிட்டால் அது சலிக்காமல் சுற்றிச் சுற்றி வாசிக்கும். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு வரிசை போதாது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தடவை பதிவு செய்ய வேண்டும். இரண்டாம் தடவை ஓடும் மிஷின் முதல் தடவை ஓடியதோடு மயிரிழை பிசகாமல் சேர வேண்டுமே? வெடல் ஒரு வழி சொன்னார். 16 தடங்கள் கொண்ட டேப்பில் ஒரு தடத்தில் வெறும் துடிப்பை மட்டும் பதிந்துவைத்தால், அடுத்தடுத்த பதிவுகளில் மிஷின் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும். மேளக் கச்சேரியில் தாளம் போடுகிறவர் ஒருவர் இருக்கிறாரே, டேப்பிலேயே அப்படி ஒருவரை உட்காரவைத்ததுபோல. மொரோடர் அசந்துபோனார். இது இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை.

அடுத்த தொல்லை சுருதி. அறைச் சூட்டுக்கே அந்த மிஷினின் சுருதி விலகும். வெயிலில் வைத்த மிருதங்கத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். இருபது முப்பது விநாடி பதிவு செய்வார்கள், சுருதி நகரும், நிறுத்துவார்கள், மறுபடி சேர்ப்பார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இடைவெளியே இல்லாமல் ஓடுவதாக நாம் கேட்கும் அந்த ஆறு நிமிடம் இப்படித் துண்டு துண்டாகத் தைத்தது. தையல் எங்கே என்று எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன், எனக்கு அகப்படவில்லை.

சின்னத் தாள ஒலிகளும் மோக் கொடுத்தவைதான். ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வரும் இரைச்சல் போன்ற ஒலியை எடுத்து, வடிகட்டி, குறுக்கி, ‘ட்ச்’ என்று வெட்டினால் ஹை-ஹாட் சிம்பல் மாதிரி ஆகும். ஆனால் அடித் தாளமான கிக் ட்ரம்மை மோக்கில் செய்து பார்த்தார்கள், நெஞ்சில் இடிக்கும் அந்தக் குத்து வரவில்லை. ட்ரம்மர் கீத் ஃபோர்சியைக் கூப்பிட்டு, கிக் ட்ரம்மை மட்டும் காலால் மிதிக்கச் சொன்னார்கள். கைக்கு வேலையே இல்லை. பாட்டு முழுக்க ஒரே சீராக மிதி, மிதி, மிதி. உடம்பு முழுவதையும் அசைத்து வாசித்துப் பழகிய கலைஞனுக்கு இது எவ்வளவு கடினம் என்று ட்ரம்ஸ் வாசிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் மிஷின் போட்ட பாட்டு என்று சொல்வது தப்பா?

பாதி தப்பு. அந்தக் காலத்து விமரிசகர்கள் சிலர் உயிரில்லாத இசை என்று இதை ஒதுக்கினார்கள். இன்றும் அதே வார்த்தையைச் சொல்பவர்கள் உண்டு. மிஷின் தானாக எதையும் போடவில்லை. சுரத்தைத் தேர்ந்தது மொரோடர். டேப்போடு கட்டிப்போட்டது வெடல். ஒலியைப் பதிந்து கலந்தது யூர்கன் கோப்பர்ஸ். மிதித்தது ஃபோர்சி. மிஷின் விலகும்போதெல்லாம் ஒரு மனிதக் கை அதை இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறது. இன்று கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் இதேபோல ஒரு வரிசையை அமைத்துவிடலாம். அமைத்துப் பார்த்திருக்கிறேன், அந்த மினுமினுப்பு வருவதில்லை. மோக்கின் சுருதி நூலிழை ஆடிக்கொண்டே இருப்பதும், காலால் மிதித்த தாளம் அதனோடு உரசுவதும்தான் அந்த ஒலிக்கு உயிர் என்பது என் கட்சி.

அந்த பாஸ் ஒலி படபடவென்று துடிக்கிறதே, அது என்ன வித்தை?

நான் இதைப் பல வருஷம் ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரெக்கார்டரில் கேட்டவன். பிறகு ஒருநாள் ஹெட்ஃபோனில் கேட்கும்போது தற்செயலாக வலது காதை எடுத்தேன். பாட்டின் வேகம் பாதியாகக் குறைந்துபோனது! திரும்ப மாட்டினேன், வேகம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். இடது காதில் மோக் ஒவ்வொரு சுரமாக வாசிக்கிறது. அதே ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, எதிரொலியாக வலது காதில் விட்டிருக்கிறார்கள். அந்தத் தாமதம் சரியாக இரண்டு சுரங்களுக்கு நடுவில் விழுகிறது. இடது காது ‘த’ என்றால் வலது காது ‘க’ என்கிறது. இடது ‘தி’, வலது ‘மி’. இரண்டும் சேர்ந்தால் ‘தகதிமி தகதிமி’ என்று இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. வாசித்தது பாதிதான், மீதி அதன் நிழல். நடன அரங்கில் இரண்டு பக்கத்து ஸ்பீக்கர்களுக்கும் நடுவே நிற்பவனுக்கு அந்தத் துடிப்பு இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

டோனா சம்மருக்கு இதில் என்ன வேலை? வரிகளே நாலைந்துதான்.

வரிகள் குறைவுதான். அதனால்தான் அவர் இல்லாமல் இது நிற்காது. கீழே அத்தனை கறாரான கட்டம், மேலே அவர் குரலை உச்சத்துக்கு ஏற்றி, காற்று கலந்து, ஒவ்வொரு சொல்லையும் நீட்டி மிதக்கவிடுகிறார். தம்புரா ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்க, பாடகர் அவசரப்படாமல் ஒரு சுரத்தில் நின்று ஆலாபனை செய்யும்போது நமக்குள் ஒரு அமைதி இறங்குமே, அதற்குப் பக்கத்தில் இருக்கும் உணர்வு இது. அவர் நினைத்திருந்தால் தேவாலயத்தில் கற்ற கம்பீரக் குரலில் முழங்கியிருக்கலாம். அந்தக் குரலை ‘மெக்கார்தர் பார்க்’ பாட்டில் கேட்கலாம், 1978இல் அமெரிக்காவில் அவருக்கு முதல் முதலிடம் வாங்கித் தந்த பாட்டு அது. இங்கே அதை அடக்கிவைத்தார். பாட்டை எழுதியவர்கள் என்று மொரோடர், பெல்லாட்டோடு அவர் பெயரும் இருக்கிறது.

வெளிவந்தவுடனே கொண்டாடினார்களா?

நிறுவனம் இதை ஒரு மெல்லிசைப் பாட்டின் பின்பக்கத்தில்தான் முதலில் வெளியிட்டது. க்ளப்களில் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பிறகு இதுவே முன்பக்கம் ஆனது. பிரிட்டனில் 1977 ஜூலையில் முதலிடம் போய் நான்கு வாரம் நின்றது. அமெரிக்காவில் ஆறாம் இடம். அப்போது பெர்லினில் பதிவில் இருந்த ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவி பிற்பாடு நினைவுகூர்ந்த சம்பவம் ஒன்று உண்டு: அவரோடு வேலை செய்த இசைக்கலைஞர் ப்ரையன் ஈனோ இந்தத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, எதிர்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டேன், இன்னும் பதினைந்து வருஷத்துக்கு க்ளப் இசையை இது மாற்றப்போகிறது என்றாராம். பதினைந்து என்பது குறைந்த மதிப்பீடு.

க்ராஃப்ட்வெர்க் முன்னாலேயே இதைச் செய்துவிட்டார்களே?

சின்தசைசர் இசையில் அந்த ஜெர்மன் குழுவினர் மூத்தவர்கள், மறுப்பே இல்லை. அவர்களின் ‘ஆட்டோபான்’ 1974இல் வந்தது. ஆனால் அவர்கள் ரயிலையும் நெடுஞ்சாலையையும் பாடினார்கள். மொரோடர் அதே மிஷினின் நடுவில் ஆசையோடு பாடும் ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலை வைத்தார், ஆடும் தளத்துக்காகவே தாளத்தை அமைத்தார். இரண்டு ஆறுகளும் பின்னால் ஹவுஸ், டெக்னோ என்ற மின்னணு நடன இசை வகைகளாக ஒரே கடலில்தான் கலந்தன.

யார் யார் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்?

முதலில் சொல்ல வேண்டிய பெயர் பாட்ரிக் கௌலி. சான் பிரான்சிஸ்கோவின் ஆண் ஓரின ஈர்ப்பாளர் க்ளப்களுக்கு இசை செய்தவர். 1978இல் இந்தப் பாட்டை எடுத்து, வெட்டி ஒட்டி, தன் சின்தசைசரையும் சேர்த்து 15 நிமிடம் 45 விநாடிக்கு நீட்டினார். டி.ஜே.க்கள் கைமாற்றிக்கொண்ட அந்த வடிவம் 1982இல்தான் முறையாக வெளியானது. அதே வருஷம் நவம்பரில் எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார், வயது 32. பாடகர் சில்வெஸ்டரின் ‘யூ மேக் மீ ஃபீல்’ பாட்டில் மின்னும் சின்தசைசர் இவருடையதுதான். 1985இல் ப்ரான்ஸ்கி பீட் குழுவும் மார்க் ஆல்மண்டும் சேர்ந்து ‘ஐ ஃபீல் லவ்’வை மறுபடி பாடி பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை கொண்டுபோனார்கள்.

மொரோடரின் ஆல்பங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

அவர் பேரில் வந்தவற்றில் ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’, 1977. இதே மோக் உலகத்தை ஒரு பக்கம் முழுக்க விடாமல் ஓட்டியிருப்பார். மின்னணு விசைப்பலகைகள் மட்டுமே பயன்பட்டன என்று உறையிலேயே போட்டிருக்கும். அவர் குரலும், குரலை மிஷின் ஒலிபோல மாற்றும் வோகோடர் வழியாக வரும்.

டோனா சம்மரோடு செய்தவற்றில் எல்லோரும் 1979இன் ‘பேட் கேர்ள்ஸ்’ஸைச் சொல்வார்கள். ‘ஹாட் ஸ்டஃப்’, தலைப்புப் பாட்டு இரண்டும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவை. எனக்கு அதைவிடப் பிடித்தது ‘ஒன்ஸ் அபான் எ டைம்’, 1977 கடைசியில் வந்த இரட்டை ஆல்பம். சிண்ட்ரெல்லா கதையை நகரத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அதில் ‘நவ் ஐ நீட் யூ’, ‘வொர்க்கிங் த மிட்நைட் ஷிஃப்ட்’ இரண்டையும் தொடர்ந்து இரவில் கேளுங்கள். ‘ஐ ஃபீல் லவ்’வின் தங்கைகள் அவை, அழுகை கொஞ்சம் கூடுதல்.

மூன்றாவது, ஸ்பார்க்ஸ் குழுவுக்காக அவர் செய்த ‘நம்பர் ஒன் இன் ஹெவன்’, 1979. ராக் குழு ஒன்று கிதாரைக் கீழே வைத்துவிட்டு மிஷினோடு நின்ற ஆல்பம். அதே வருஷத்து ‘ஈ ஈக்வல்ஸ் எம்.சி. ஸ்கொயர்டு’ டிஜிட்டலில் நேரடியாகப் பதிவானது என்று பெருமைப்பட்டுக்கொண்ட தட்டு. ஒலி பளிங்கு மாதிரி, பாட்டுகள் சுமார்.

சினிமாவுக்கும் இசையமைத்தாரா?

மூன்று ஆஸ்கர். ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ பின்னணி இசைக்கு, ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ பாட்டுக்கு, ‘டாப் கன்’ படத்தின் ‘டேக் மை ப்ரெத் அவே’ பாட்டுக்கு. முதல் படத்துக்கு இயக்குநர் ஆலன் பார்க்கர் கேட்டதே ‘ஐ ஃபீல் லவ்’ மாதிரி ஒன்றுதான். ‘சேஸ்’ என்ற துரத்தல் இசை அப்படிப் பிறந்தது. ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ பாட்டின் வரிகளை, அதைப் பாடிய ஐரீன் காராவோடு சேர்ந்து எழுதியவர், கிக் ட்ரம் மிதித்த அதே கீத் ஃபோர்சி.

டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்து உடைத்தார்களாமே?

‘ஐ ஃபீல் லவ்’ போன்ற 70களின் க்ளப் நடன இசைக்குத்தான் டிஸ்கோ என்று பெயர். 1979 ஜூலை 12, சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரு வானொலி அறிவிப்பாளர் கூட்டிய கூட்டம் தட்டுகளைப் பெட்டியில் போட்டு வெடித்தது. ஆட்கள் மைதானத்துக்குள் பாய்ந்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. இசை பிடிக்கவில்லை என்றால் கேட்காமல் இருக்கலாம். டிஸ்கோவை வளர்த்தவர்கள் கறுப்பினத்தவர், லத்தீன் மக்கள், ஓரின ஈர்ப்பாளர்கள். அந்த வெடியில் இசைமேல் இருந்த கோபம் மட்டும் இருந்ததாக என்னால் நம்ப முடியவில்லை. சில வருஷத்தில் அதே சிகாகோவில்தான் ஹவுஸ் இசை பிறந்தது.

இருவரும் பிறகு என்ன ஆனார்கள்?

டோனா சம்மர் 2012 மே 17 அன்று நுரையீரல் புற்றுநோயால் காலமானார், வயது 63. அவர் இருந்த காலத்தைவிட இறந்தபின் மரியாதைகள் வேகமாக வந்தன என்பது எனக்குத் தீராத வருத்தம். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் 2013இல்தான் சேர்த்தார்கள். ‘ஐ ஃபீல் லவ்’வை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவாகத் தேர்ந்திருக்கிறது. மொரோடரை டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இசை இரட்டையர் தேடிப்போய், அவர் வாழ்க்கைக் கதையை அவர் குரலிலேயே பேசவைத்துப் பாட்டாக்கி 2013இல் வெளியிட்டார்கள். அதற்கு வெவ்வேறு காலத்து மைக்குகளை அவர்முன் வைத்துப் பதிவு செய்தார்களாம்.

எந்த வடிவத்தைக் கேட்பது?

ஆல்பத்தில் இருப்பது ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் தொடங்குங்கள். 12 அங்குலத் தட்டுக்காக நீட்டியது எட்டு நிமிடம் சொச்சம், நான் அதிகம் கேட்பது அதைத்தான். வானொலிக்காகச் சுருக்கிய மூன்றே முக்கால் நிமிட வடிவத்தை விட்டுவிடுங்கள். கௌலியின் நீண்ட வடிவத்தை, மற்ற இரண்டும் பழகியபின் எடுங்கள்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் போதாதா?

போதாது. சின்ன ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகக் குழைந்துவிடும், ஃபோர்சியின் மிதியும் கேட்காது. ஹெட்ஃபோன் இல்லையென்றால் யாரிடமாவது ஆறு நிமிடம் கடன் வாங்குங்கள். முதல் நிமிடம் இரண்டு காதிலும் கேளுங்கள். அப்புறம் வலது பக்கத்தை மட்டும் எடுங்கள், நாலு தாளம் பொறுங்கள், திரும்ப மாட்டுங்கள்.